இதயப்புள்ளி மரங்கொத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இப்பறவையை முதன்முறை பார்ப்பவர்களில் பலர், அதை மரங்கொத்தி என்றே எண்ணுவதில்லை. உருவத்துக்குப் பொருந்தாத பெரிய கொண்டை, மெலிந்த கழுத்து, இருக்கிறதா இல்லையா என்று ஐயுற வைக்கும் வால் ஆகியவை மரங்கொத்தி என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் வடிவத்தோடு ஒத்துப்போவதில்லை. இதை அடையாளம் காண்பதிலும் இதன் வாழ்க்கைமுறையைப் புரிந்துகொள்வதிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

நான் பார்த்தது இதயப்புள்ளி மரங்கொத்திதானா என்பதை எப்படி உறுதி செய்வது?

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வடிவத்தைப் பாருங்கள். இப்பறவை உயரமான மரங்களின் உச்சிக் கிளைகளில்தான் பெரும்பாலும் தென்படும். அண்ணாந்து பார்க்கையில் பின்னால் வானத்தின் வெளிச்சம் இருப்பதால், கறுப்பு எது, வெள்ளை எது என்பது கண்ணுக்குப் பிடிபடாமல் வெறும் நிழலுருவமே தெரியும். அந்த நிழலுருவமே போதுமானது. தலையின் பின்புறம் கூராக நீண்டு நிற்கும் கொண்டை, தலை முழுவதையும் ஒரு சுத்தியலின் தலைப்பகுதிபோலக் காட்டும். அதற்குக் கீழே கழுத்து திடீரென்று ஒடுங்கும். பிறகு உருண்டையான உடல். அவ்வுடல் முடிந்த இடத்திலேயே வாலும் முடிந்துவிட்டதுபோல இருக்கும். இந்த நான்கும் சேர்ந்த சிறு பறவை, நம் காடுகளில் வேறு எதுவும் இல்லை.

நீளம் 15 முதல் 16 சென்டிமீட்டர். அதாவது ஏறத்தாழ ஒரு சிட்டுக்குருவியின் நீளம். ஆனால் எடை சுமார் 40 கிராம் இருப்பதால், சிட்டுக்குருவியைவிடத் தடித்துத் திரண்ட தோற்றம் உண்டு. வெளிச்சம் சாதகமாக இருந்தால் மற்றவையும் தெரியும்: கறுத்த முதுகு, தோளின்மீது அகன்ற வெண்மை, வெளிறிய தொண்டை, கரும்பச்சை கலந்த சாம்பல் நிற வயிறு, கறுத்த குட்டை வால். பறக்கும்போது இறக்கைகள் அகலமாகவும் வால் அறவே இல்லாததுபோலவும் தெரிவதால், முதல் கணத்தில் ஏதோ பெரிய வண்ணத்துப்பூச்சி கடந்து செல்வதாகக்கூடத் தோன்றலாம்.

இதய வடிவப் புள்ளிகள் என் கண்ணில் படவே இல்லையே?

பெரும்பாலானோருக்குப் படுவதில்லை, அதனால் கவலைப்பட வேண்டாம். மடித்து வைத்த இறக்கையில், முதுகை ஒட்டியுள்ள வெண்ணிறச் சிறகுகள் ஒவ்வொன்றின் நுனிப்பகுதியிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சீட்டுக்கட்டில் அச்சிடப்படும் இதயத்தின் வடிவத்தையே அப்புள்ளிகள் ஒத்திருக்கும். ஆனால் பறவை உங்கள் கண்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ, முதுகைக் காட்டியபடி அமர்ந்திருந்தால்தான் அவை தெளிவாகத் தெரியும். மலைச்சரிவில் மேலே நின்றுகொண்டு, கீழேயிருந்து வளர்ந்த மரத்தின் உச்சியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தவர்களே இவற்றை நன்கு பார்த்திருப்பார்கள். பெயர் புள்ளியிலிருந்து வந்திருந்தாலும், களத்தில் அடையாளம் காண உதவுவது கொண்டையும் வாலுமே என்பது என் கருத்து.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியுமா?

எளிதாக முடியும். ஆணுக்கு நெற்றியும் உச்சந்தலையும் கறுப்பு. பெண்ணுக்கு நெற்றியும் முன்னுச்சியும் வெண்மை, அல்லது சந்தன நிறம் கலந்த வெண்மை. பின்கொண்டை மட்டும் கறுப்பு. இளம் பறவைகளும் பெண்ணைப் போலவே வெளிறிய நெற்றியுடன் இருக்கும் என்பதால், வெள்ளை நெற்றி கொண்ட எல்லாவற்றையும் பெண் என்று குறித்துவிடக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. மரங்கொத்திகளில் பெரும்பாலான இனங்களின் ஆண்கள், தலையில் எங்காவது ஒரு சிவப்புத் தீற்றலாவது கொண்டிருக்கும். இதயப்புள்ளி மரங்கொத்தியின் ஆணிடம் சிவப்பு என்பது துளியும் கிடையாது. இதன் நெருங்கிய உறவினமான, மலேயத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பகுதிகளில் வாழும் சாம்பல் நிற மரங்கொத்தியின் ஆணுக்கோ தலையில் சிவப்பு உண்டு. ஆகவே நீங்கள் பார்த்த பறவையின் தலையில் சிவப்பு இருந்திருந்தால், அது வேறு இனம்.

வேறு எந்தப் பறவைகளோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு?

அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு மரங்கொத்திகள் போட்டிக்கு வரும். ஒன்று, பழுப்புத் தலை கொண்ட குட்டி மரங்கொத்தி. 13 சென்டிமீட்டர் நீளமுள்ள இதன் பழுப்பு முதுகில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும், கொண்டை இருக்காது, அருகில் பார்த்தால் வெளிறிய கண்ணும் அதைச் சுற்றிய இளஞ்சிவப்பு வளையமும் தெரியும். இரண்டாவது, வெறும் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள புள்ளிவயிற்றுச் சிறு மரங்கொத்தி. முதுகு மஞ்சள் கலந்த பச்சை, முகத்தில் வெள்ளைக் கோடுகள், வெண்மையான அடிப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள். இவ்விரண்டும் இதயப்புள்ளி மரங்கொத்தி திரியும் அதே கூட்டத்திலேயே சேர்ந்து திரியக்கூடும். ஆயினும் ஒருமுறை மூன்றையும் பார்த்தவர்கள் மறுமுறை குழம்ப மாட்டார்கள்.

உண்மையில் அதிகம் ஏமாற்றுவது மரங்கொத்தியே அல்லாத ஒரு பறவை. மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக, பூச்சிகளைப் பிடித்தபடி உச்சிக் கிளைகளில் சிறு கூட்டமாகத் திரியும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் வகை ஒன்று அதே காடுகளில் உண்டு. நீளமும் ஏறக்குறைய இதற்கு இணையானது. ஆனால் அதன் வால் நீளமானது. அது கிளையின்மீது குறுக்காக அமைதியாக அமர்ந்து, பறந்து சென்று பூச்சியைப் பிடித்துத் திரும்பும். கிளையைத் தொற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதும், கொத்துவதும் அதனிடம் கிடையாது.

கொண்டலாத்தியைப் பற்றியும் ஒரு சொல். கொண்டை வைத்த, கறுப்பு வெள்ளைப் பட்டையுள்ள பறவை ஒன்று தரையில் நடந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் அது கொண்டலாத்தி. அதை மரங்கொத்தி என்று பலர் அழைத்தாலும், அது மரங்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல.

வால் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் இப்பறவையின் வாழ்க்கைமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். பொன்முதுகு மரங்கொத்தி போன்ற வழக்கமான மரங்கொத்திகளுக்கு வால் ஒரு மூன்றாம் கால். அவற்றின் நடுவால் சிறகுகள் விறைப்பானவை. செங்குத்தான அடிமரத்தில் நகங்களால் பற்றிக்கொண்டு, வாலை மரத்தின்மீது அழுத்தி ஊன்றி, அந்த ஊன்றுகோலின் பலத்தில் உடலைப் பின்னுக்கு வளைத்து ஓங்கிக் கொத்தும். அந்த நடுச் சிறகுகள் அவற்றுக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்றால், பழைய சிறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும் பருவத்தில், மற்ற வால் சிறகுகள் வளர்ந்து முடியும்வரை அவை உதிராமல் காத்திருக்கும்.

இதயப்புள்ளி மரங்கொத்தி அடிமரத்தில் நேரம் செலவிடுவது குறைவு. விரல் பருமனுள்ள சுள்ளிகள், கிளை நுனிகள், இலைக்கொத்துகள் ஆகியவையே இதன் களம். அங்கே ஊன்றுவதற்கு அகன்ற பரப்பும் இல்லை. நீண்ட வால் இருந்தாலும் பெரும்பயன் இல்லை. எனவே இது சுள்ளியின்மீது மற்ற குருவிகளைப்போலக் குறுக்காக அமரும். சில சமயம் அடிப்புறத்தில் தொங்கிக்கொண்டு பட்டாணிக்குருவியைப்போல இலைகளுக்கிடையே துழாவும். சுள்ளியைச் சுற்றி வேகமாக ஏறி, நுனியை அடைந்ததும் அடுத்த கிளைக்குத் தாவிவிடும். ஒரே இடத்தில் நின்று நெடுநேரம் துளைப்பதைப் பார்ப்பது அரிது. இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்த மரங்கொத்திக்கே உரிய பாதம், இந்தத் தொங்கும் வித்தைக்கும் கைகொடுக்கிறது. மரங்கொத்தியின் கருவிகளைக் கொண்டு, சிட்டுகளின் தொழிலைச் செய்யும் பறவை என்று இதை நான் மனத்தில் பதிய வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் இது மரத்தைக் கொத்துவதே இல்லையா?

கொத்தும். பட்டுப்போன சுள்ளிகளைச் சிறு சிறு கொத்துகளால் சோதித்துப் பார்க்கும். கூடு குடைவதும் அலகால்தான். ஆனால் பெரிய மரங்கொத்திகளைப்போல மரச்சில்லுகள் தெறிக்கப் பிளப்பது இதன் வழக்கமன்று. மரத்தில் முரசறைவதுபோல ஒலியெழுப்பும் பழக்கம் உண்டு என்றாலும், அது மெல்லியது. அடிக்கடி கேட்பதும் இல்லை.

கொத்தும்போது மரங்கொத்திகளின் மூளைக்குப் பாதிப்பு ஏற்படாதா?

மண்டையோட்டில் பஞ்சுபோன்ற எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்ற விளக்கம் நெடுங்காலமாகப் பாடநூல்கள் வரை பரவியிருந்தது. 2022இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் காணொளிகளில் பதிவுசெய்து ஆராய்ந்து, அந்த விளக்கம் சரியன்று என்று காட்டினார்கள். அலகும் மண்டையும் ஒரே விறைப்பான சுத்தியலைப்போலவே இயங்குகின்றன. சற்று யோசித்தால் இதில் வியப்பில்லை: அதிர்ச்சியை உறிஞ்சும் சுத்தியலால் ஆணி அடிக்க முடியாது. மூளை சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை பெரிய, வலுவாகக் கொத்தும் இனங்கள். இதயப்புள்ளி மரங்கொத்தியின் இலேசான கொத்தலுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு.

முதுகின் வெண்மை சில பறவைகளில் மஞ்சளாகத் தெரிகிறதே, அது வேறு இனமா?

இல்லை, அது கறை. இந்தப் பேரினத்தைச் சேர்ந்த மரங்கொத்திகளின் முதுகில், பிசின்போன்ற ஒட்டும் பொருளைக் கொண்ட சிறப்புச் சிறகுக் கற்றை ஒன்று உண்டு. 1971இல் வெளிவந்த ஒரு பறவையியல் ஆய்வுக் கட்டுரை இதை விரிவாக விளக்கியது. பறவை தன் இறகுகளைக் கோதும்போது அந்தப் பொருள் சுற்றியுள்ள வெண்சிறகுகளிலும் படிந்து, அவற்றைச் சந்தன நிறமாகவோ மங்கிய மஞ்சளாகவோ மாற்றிவிடுகிறது. பெரும்பாலான பறவைகளுக்கு வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி ஒன்றே பழக்கம். முதுகுச் சிறகுகளிலேயே இப்படியொரு பொருளைத் தாங்கியிருப்பது மரங்கொத்திகளிடையே அபூர்வமான பண்பு. எனவே நிறப்படத்தில் தூய வெள்ளையாகக் காட்டப்பட்ட பகுதி, உங்கள் புகைப்படத்தில் அழுக்கு மஞ்சளாக இருந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இதன் உணவு என்ன?

எறும்புகள், கறையான்கள், மரத்தில் வாழும் புழுக்கள், இன்ன பிற பூச்சிகள். பெரும்பாலும் இணையாகவோ சிறு குழுவாகவோ இரைதேடும். மின்சிட்டு, துடுப்புவால் கரிச்சான், பட்டாணிக்குருவி முதலியவை கலந்து காட்டின் ஊடே நகரும் பல்லினக் கூட்டங்களில் இதுவும் சேர்ந்துகொள்ளும். இதைத் தனியாகத் தேடி அலைவதைக் காட்டிலும், அத்தகைய கூட்டம் ஒன்று வரும்வரை ஓரிடத்தில் காத்திருந்து, அது தலைக்கு மேல் கடக்கும்போது உச்சிக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே பலன் தரும். கூட்டம் சில நிமிடங்களில் கடந்துவிடும். கண்ணில் எளிதில் படும் கரிச்சானைப் பார்ப்பதிலேயே அந்த நேரத்தைச் செலவழித்துவிட வேண்டாம்.

குரலைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும்; பல நேரங்களில் காதுக்குத்தான் முதலில் எட்டும். உருவத்துக்கு மிஞ்சிய வாயாடி. மூக்கால் ஒலிப்பதுபோன்ற இரட்டை அசைக் குரல், உயர்ந்த சுருதியில் வேகமாக அடுக்கிச் சொல்லும் ‘கீ கீ கீ கீ’, பறக்கும் முன் எழுப்பும் கரகரப்பான சிறு ஒலி ஆகியவை அடிக்கடி கேட்கும். பறக்கும்போதும் கத்திக்கொண்டே செல்லும் பழக்கம் உண்டு என்பதால், ஒலி போன திசையில் கண்ணை ஓட்டினால் வாலற்ற அந்த உருவம் கிளையில் வந்து ஒட்டுவதைப் பார்க்கலாம்.

எங்கே காணலாம்?

மேற்குத் தொடர்ச்சி மலையில், குஜராத்தின் தென்பகுதியில் உள்ள டாங்ஸ் காடுகள் தொடங்கித் தமிழ்நாடு, கேரள எல்லையின் தென்மலைகள் வரை இது வாழ்கிறது. இதனின்றும் விலகி, நடு இந்தியாவின் சில காடுகளிலும், வடகிழக்கு இந்தியாவிலும், அங்கிருந்து வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் வரையிலும் தனித்தனித் தொகுதிகளாகப் பரவியுள்ளது. இலங்கையில் கிடையாது.

நம் பக்கத்தில் முதுமலை, ஆனைமலை, பறம்பிக்குளம், வயநாடு, தட்டேக்காடு, பெரியாறு ஆகிய பகுதிகளில் பறவை ஆர்வலர்கள் இதைப் பார்த்துவருகிறார்கள். ஈரமான இலையுதிர் காடும் பாதிப் பசுமைமாறாக் காடும் இதற்கு ஏற்றவை. தேக்கு, மூங்கில் கலந்த காட்டிலும், நிழல்மரங்கள் ஓங்கி நிற்கும் காப்பித் தோட்டங்களிலும் வரும். உயர்ந்த சோலைக்காடுகளில் தேடுவது வீண். ஆயிரம் மீட்டருக்குக் கீழே உள்ள சரிவுகளே இதன் முதன்மையான இருப்பிடம். ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும், வலசை போவதில்லை. எனினும் இலையுதிர்ந்த தேக்குக் காட்டில் கோடையின் தொடக்கத்தில் பார்ப்பது எளிது, காரணம் வெளிப்படை.

கூடு எப்படி இருக்கும்?

பட்டுப்போன கிளையிலோ பட்ட மரத்திலோ தானே குடைந்துகொள்ளும் பொந்து. சில வேளைகளில் வேலிக்கம்பத்தில்கூடக் குடைந்திருக்கிறது. வாயில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் விட்டம் மட்டுமே உடையது; உள்ளே சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழிறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இனப்பெருக்கக் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புள்ளிகளற்ற வெண்ணிற முட்டைகள் இரண்டு அல்லது மூன்று இடும். இருட்டுப் பொந்தில் முட்டையிடும் பறவைகளுக்கு, முட்டையை மறைக்கும் புள்ளிகளும் கறைகளும் தேவைப்படுவதில்லை என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

பெயரின் பின்னணி என்ன?

அறிவியல் பெயர் ஹெமிசர்கஸ் கனென்டே. பேரினப் பெயர் ‘அரை’ என்ற பொருளும் ‘வால்’ என்ற பொருளும் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. அதாவது ‘அரைவாலன்’, 1837இல் வில்லியம் ஸ்வெயின்சன் உருவாக்கிய இப்பெயர் மிகப் பொருத்தமானது. இனப் பெயரை இட்டவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெஸ்ஸோன். அவர் பயன்படுத்திய மாதிரி மியான்மரின் பெகு பகுதியைச் சேர்ந்தது. ரோமானியப் புராணத்தில் பைகஸ் என்ற அரசனைச் சூனியக்காரி ஒருத்தி மரங்கொத்தியாக மாற்றிவிடுகிறாள். அவனைத் தேடி அலைந்து, பாடிப் பாடியே உருகிக் காற்றில் கரைந்துபோன அவன் மனைவியின் பெயர் கனென்ஸ். ஓயாமல் குரலெழுப்பும் பறவைக்கு அவள் பெயர் வாய்த்தது நல்ல பொருத்தம்.

மற்ற மரங்கொத்திகளுக்கும் இதற்கும் என்ன உறவு?

மரங்கொத்திக் குடும்பத்தில் 230க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள், இதயப்புள்ளி மரங்கொத்தியும் இதன் ஓரிரு உறவினங்களும் அடங்கிய இந்தச் சிறு பேரினம், உண்மையான மரங்கொத்திகளின் கிளையிலிருந்து மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டதைக் காட்டுகின்றன. பொன்முதுகு மரங்கொத்தியும் குட்டி மரங்கொத்தியும் ஒன்றுக்கொன்று இருக்கும் நெருக்கத்தைவிட, இது அவ்விரண்டுக்கும் தொலைவானது. தோற்றத்தில் தெரியும் விசித்திரம் வெறும் மேற்பூச்சு அன்று என்பதற்கு இது சான்று.

இது அருகிவரும் இனமா?

உலக அளவில் உடனடி அபாயம் இல்லாத இனங்களின் பட்டியலில்தான் உள்ளது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடைசெய்கிறது. ஆனால் இதன் தேவை குறிப்பிட்டது: இரைதேட உயர்ந்த மரங்களின் தலைப்பகுதியும், கூடு குடையப் பட்ட கிளைகளும் வேண்டும். தோட்டங்களைத் ‘துப்புரவாக’ வைத்திருக்கும் ஆர்வத்தில் பட்ட கிளைகள் அனைத்தையும் வெட்டிவிடுவது, நிற்கும் பட்ட மரங்களை விறகுக்காகச் சாய்ப்பது, பலவகை நிழல்மரங்களை அகற்றிவிட்டு ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவது ஆகிய மூன்றுமே இதற்குக் கேடு. ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே ஆபத்தாகத் தொங்காத பட்ட கிளையை விட்டுவைப்பதில் தோட்டக்காரருக்கு இழப்பு எதுவும் இல்லை. குக்குறுவானும் பட்டாணிக்குருவியும்கூட அதனால் பயன்பெறும்.

கூடு கண்டுபிடித்துவிட்டேன், படம் எடுக்கலாமா?

தொலைவிலிருந்து, பெற்றோர் இயல்பாக வந்துபோகும்வரை மட்டும். மறைக்கும் இலைகளை ஒடிப்பதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. எல்லையைக் காக்க ஓடிவரும் பறவை, அந்த நேரம் முழுவதும் அடைகாக்கவோ இரையூட்டவோ முடியாமல் போகிறது. இரையோடு வந்த பறவை பொந்துக்குள் நுழையாமல் பக்கத்துக் கிளையிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்; பின்வாங்கிவிட வேண்டும்.

பறவை பறந்துவிட்டது, படமும் கிடைக்கவில்லை. எவற்றைக் குறித்துக்கொள்வது?

நினைவு மங்குவதற்குள் வாலின் நீளத்தை உடலோடு ஒப்பிட்டு எழுதுங்கள். நெற்றி கறுப்பா வெள்ளையா, அமர்ந்த இடம் அடிமரமா சுள்ளியா, உடன் வேறு எந்தப் பறவைகள் இருந்தன என்பவற்றையும் சேருங்கள். ஒரு கோட்டுப்படம் வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. ஓவியம் கைவராதவர்கூட ஒரு வட்டம், அதன்மேல் ஒரு கூர்கொண்டை, வாலில்லாத முடிவு என மூன்று கோடுகளில் இப்பறவையை வரைந்துவிட முடியும்.